ஒரு வீட்டுச் சேனல்

எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேபிள் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பாக்ஸைத் திட்டுகிறார்கள், கவர்மென்டைத் திட்டுகிறார்கள். நானும் வாய் வலிக்கத் திட்டியவள்தான். ஆனால் அய்யாக்கண்ணு அண்ணன் விஷயத்தில் திட்டு வாங்க வேண்டிய ஆள் நான். யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். பாதியில் "பாவம், நல்லதுக்குத்தானே செஞ்சே மேரி" என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. என் மாமனார் ஜோலார்பேட்டையிலிருந்து ஹைதராபாத் லாலாகூடா ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். அவர் மகன் பாபுவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ரயில்வேயில் இடம் கிடைக்கவில்லை. கேபிள் டிவி போட்டார். குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டி ஒற்றை அறை, அதுதான் கன்ட்ரோல் ரூம். மொட்டை மாடியில் நாலு டிஷ். குவார்ட்டர்ஸும் சுற்றியிருக்கிற சந்துகளுமாக நானூற்று இருபது வீட்டுக்கு லைன். கம்பத்தில் ஏறுவது பாபு, உள்ளே உட்கார்ந்து ஊரோடு சண்டை போடுவது நான். பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அந்த நாளில் ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர் என்று அலமாரி நிறைய அடுக்கி வைத்திருப்போம். பழைய டெக் மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவுதான். டிஷ்ஷில் வருவதை அதில் கொடுத்தால் லைனில் ஏறி வீடு வீடாகப் போய்விடும். டிஷ்ஷில் வருவதைத்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. நம் கம்ப்யூட்டரைச் செருகினாலும் போகும். அப்படி நாங்கள் நடத்தியதுதான் நம்ம சேனல். அதற்கு வேறு பெயர் கிடையாது. பாதி நேரம் தமிழ்ப் படம், பாதி நேரம் அறிவிப்பு. எந்த வரிசைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர், மாதா கோவில் கொடியேற்றம் என்றைக்கு, முருகன் கோவிலில் காவடி எந்தத் தெரு வழியாக வருகிறது, யார் வீட்டுப் பெண்ணுக்குச் சடங்கு, யார் போய்விட்டார்கள், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் என் குரல்தான். சாவு விழுந்தால் பாதிரியாருக்கும் பூசாரிக்கும் சொல்வதற்கு முன்னால் எனக்குத்தான் ஆள் வரும். சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த வீட்டிலும் பத்து நிமிஷம் நம்ம சேனல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சீரியலுக்குப் போவார்கள். மேரி டிவியில் சொல்லிவிட்டாள் என்றால் ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் டிஜிட்டல் வந்தது. இனி எல்லா வீட்டிலும் செட்டாப் பாக்ஸ் இருக்க வேண்டும், பழைய லைனை நிறுத்த வேண்டும் என்று சட்டம். கெடு, கெடு நீட்டிப்பு என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் ஏரியாவுக்கு ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்று முடிவானது. அதற்கப்புறம் படம் கம்பெனியிலிருந்து பூட்டுப் போட்டு வரும். நாங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிற வெறும் குழாய். நடுவில் நாங்கள் எதையும் சேர்க்க முடியாது. நம்ம சேனல் அன்றோடு சரி.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அய்யாக்கண்ணு அண்ணன் காணாமல் போனார்.

அவர் ஒர்க்ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கன்ட்ரோல் ரூமுக்குப் பின்சந்தில் கீழ் வீட்டில் அவரும் அவர் சம்சாரம் வசந்தகுமாரி அக்காவும் மட்டும். ஒரே மகள் வர்ஷினி நாக்பூரில், அப்போது எட்டு மாசம் வயிற்றில் பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்கு மூளையில் அடைப்பு வந்து பிழைத்தார். கை கால் சரியானது, பேச்சும் திரும்பியது. ஆனால் தமிழ் மட்டும்தான் திரும்பியது. தெலுங்கில் வம்பளந்து, ஹைதராபாத் இந்தியில் நக்கல் பண்ணி, டீக்கடையையே கலகலப்பாக வைத்திருந்த மனுஷனுக்கு இரண்டும் சுத்தமாகத் துடைத்துப் போய்விட்டது. அரியலூர்ப் பக்கத்துத் தமிழ்தான் மிச்சம். தன் பெயரைக் கேட்டால் சில நாள் சொல்வார், சில நாள் சிரிப்பார். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு "வேலைக்கி நேரமாச்சி" என்று ஒர்க்ஷாப் கேட் வரைக்கும் போவார். கேட்டில் இருக்கிற பழைய காவல்காரர் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காவல்காரர் லீவு. புதிதாக வந்தவன் இந்தியில் போ போ என்று விரட்டியிருக்கிறான். அண்ணன் போய்விட்டார், வேறு பக்கமாக.

வசந்தா அக்காவும் பாபுவும் அன்றைக்கே எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்தார்கள். இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு நான் அறிவிப்புப் போட்டேன். போட்டோ, காணவில்லை என்று பெரிய எழுத்து, மூன்று மொழியில் என் குரல், கீழே கன்ட்ரோல் ரூம் நம்பரும் அக்கா வீட்டு நம்பரும். அரை மணிக்கு ஒருதரம் ஓடும்படி வைத்தேன்.

போன் வந்தது பாருங்கள்! இரண்டு நாளில் பதினோரு போன். மெட்டுகூடா சிக்னலில் பார்த்தேன் என்று ஒருத்தர், பாலத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் என்று ஒரு பெண். புதன்கிழமை ராத்திரி டூட்டிக்குப் போன நம் லைன் வீட்டு ஆள் ஒருத்தர், தார்நாகா டீக்கடையில் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார், இப்போதுதான் உப்பல் பக்கமாகப் போனார் என்று கூப்பிட்டுச் சொன்னார். பாபு ஓடினார். அரை மணி நேரம் பிந்திவிட்டது. ஆனாலும் எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு ஆளைப் பிடித்துவிடலாம் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன்.

நாளைக்கு என்பது வியாழக்கிழமை.

கம்பெனியிலிருந்து ஸ்ரீனிவாஸ் என்று ஒரு பையன் வந்தான். முப்பது வயசு இருக்கும், கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். நல்ல பிள்ளைதான், அப்போது எனக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. இந்த ஒரு அறிவிப்பை மட்டும் உங்கள் டிஜிட்டலில் போடுங்கள் சாமி, ஒரு உயிர் விஷயம் என்று கெஞ்சினேன்.

"குதரதம்மா" என்றான். முடியாதாம். லோக்கல் சேனல் வேண்டுமென்றால் ஃபாரம் கொடுக்க வேண்டும், அப்ரூவல் வர வேண்டும், ஒரு மாசம் ஆகும்.

"ஒரு மாசத்துக்கு அந்த மனுஷன் ரோட்டில் என்னத்தைத் தின்பார், உன் ஃபாரத்தையா?" என்று தெலுங்கில் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு மாடுலேட்டராக அணைத்துக்கொண்டே போனான். திட்டினால் எருமை மாட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி நிற்கிறவன் இல்லை அவன், அவனுக்கும் வேர்த்தது. ஆனாலும் அணைத்தான்.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் வசந்தா அக்கா வந்து நின்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நிறுத்திட்டாங்களா மேரி?"

நான் அணைந்து கிடந்த அலமாரியைப் பார்த்தேன். அவர் என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"அவர் கெடைக்கிற வரைக்கும் மட்டும் நிறுத்தாத மேரி. வேற ஒண்ணும் வேணாம். படம் கிடம் எதுவும் வேணாம். அந்தப் போட்டோ மட்டும் ஓடட்டும்."

"நிறுத்தமாட்டேன்க்கா. எவன் சொன்னாலும் நிறுத்தமாட்டேன்" என்றேன். வந்த கோபத்தில் சொன்னேன். எனக்குக் கோபம் வந்தால் கையில் இல்லாததை எல்லாம் கொடுத்துவிடுவேன்.

அவர் போனதும் பாபு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அவர்தான் வழி கண்டுபிடித்தார். அக்கா வீடு பின்சந்தில் மூன்றாவது. கன்ட்ரோல் ரூமிலிருந்து பழைய வயர் ஒன்று நேராக அவர் வீட்டுச் சுவர் மேல்தான் போகிறது. ஒரே ஒரு மாடுலேட்டரை வைத்துக்கொண்டு அந்த ஒரு வயரில் மட்டும் ஓட்டினால் கம்பெனிக்குத் தெரியாது. மற்ற வீடுகளில் பாக்ஸ் வந்துவிட்டது, அங்கே எப்படியும் தெரியப்போவதில்லை. அக்கா வீட்டுக்குப் பாக்ஸ் போடாமல் விட்டுவிடுவது.

"ரெண்டு நாளைக்கித்தான் மேரி. அதுக்குள்ள ஆள் வந்துருவாரு. பாவம், பாத்துக்கிட்டாவது இருக்கட்டும்."

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. ஒரு மணி நேரத்தில் அக்கா வீட்டு டிவியில் போட்டோ வந்தது. மற்ற சேனல் எல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல் போட்டது. அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. போட்டோவைப் பார்த்ததும் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தார்.

"எல்லா வீட்லயும் இப்படித்தானே தெரியுது?"

"ஆமாக்கா" என்றேன்.

இதுதான் நான் செய்தது. ஆமாக்கா. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் அந்தப் போட்டோவோடு கிளம்பி நின்றார். "ஆஸ்பத்திரியெல்லாம் இன்னொரு தடவை பாத்துட்டு, தெருத்தெருவா காட்டிட்டு வரேன்" என்றார். ஏப்ரல் வெயில். அவருக்கு முழங்கால் வலி, சர்க்கரை வேறு. நான்தான் தடுத்தேன்.

"நீங்க எங்கக்கா வெயில்ல போயி விழப்போறீங்க? நானூத்தி இருபது வீட்ல ஓடுது. முந்தாநாள் மாதிரி யாராச்சும் போன் பண்றப்ப வீட்ல ஆள் இல்லேன்னா என்ன பண்றது? நீங்க போன்கிட்ட இருங்க. அதான் உங்க வேலை."

வாய் இருக்கிறதே, அதை அன்றைக்குத் தைத்திருக்க வேண்டும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் சொன்னால் ஊரே கேட்கும், அவர் கேட்கமாட்டாரா?

போன் வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. இரண்டு நாள் ஐந்து நாள் ஆனது. எனக்கோ மூச்சு விட நேரமில்லை. ரிமோட் வேலை செய்யவில்லை, தமிழ்ச் சேனல் எங்கே போனது, தெலுங்கு பேக்கேஜ் எங்களுக்கு எதற்கு என்று வாசலில் ஒரு கூட்டம். நடுவில் ஸ்ரீனிவாசிடம் ஃபாரம் வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்தேன். தினமும் போன் பண்ணித் திட்டினேன். மேலே அனுப்பியிருக்கிறேன் அம்மா என்பான். அதைச் செய்துவிட்டதால் நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அக்கா வீட்டு மாடியில் லலிதாம்பாள் மாமி. அவர் ஒருநாள் படியிலேயே என்னைப் பிடித்தார்.

"ஏன் மேரி, வசந்தா ஏதோ டிவியில ஓடறதுங்கறாளே? எங்காத்துல ஒண்ணும் வரலியேடி."

அவரைச் சுவரோரம் இழுத்து விஷயத்தைச் சொன்னேன். மாமி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதார்.

"இப்ப சொன்னா தாங்கமாட்டாங்க மாமி. நீங்களும் பாத்தேன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியே."

"ஒரு ரெண்டு நாள்."

மாமி சொன்னார். தினமும் ஏழரைக்குக் கீழே இறங்கி வந்து, "இப்பதான் பார்த்தேன் வசந்தா, போட்டோ நன்னா தெளிவா தெரியறது" என்று சொன்னார். மாமி சொன்னதைப் பார்த்து எதிர்வீடு சொன்னது. அந்தச் சந்தில் அக்கா வீடு போகப் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டும் நான் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொன்னது. எல்லாரும் இரக்கப்பட்டுத்தான் சொன்னார்கள். அந்த இரக்கத்தை அடுப்பில் போட்டு எரிக்க வேண்டும்.

பத்து நாள் ஆனதும் அக்கா கேட்டார், "மொதல்ல ரெண்டு நாள் அவ்வளவு போன் வந்துச்சே மேரி. இப்ப ஏன் ஒண்ணுகூட வரல?"

"பரீட்சை லீவுக்கா. பாதிப் பேர் ஊருக்குப் போயிட்டாங்க. வந்ததும் பாப்பாங்க."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்தது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, சுலபமாகத்தான் வந்தது. உண்மையைச் சொல்வதுதான் நாளுக்கு நாள் முடியாமல் போனது. முதல் நாள் சொல்லியிருந்தால் அக்கா முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான். பத்தாம் நாள் சொல்வதென்றால், பத்து நாளாக உங்களைச் சும்மா உட்கார வைத்திருந்தேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன். பின்சந்து வரைக்கும் போவேன். ஜன்னல் வழியாக என் குரல் எனக்கே கேட்கும். நீல நிறச் சட்டை, வெள்ளை வேட்டி, தமிழ் மட்டுமே பேசுவார், கண்டவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். அக்கா போன் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பி வந்துவிடுவேன்.

பாபுவிடம் எரிந்து விழுந்தேன். "உன் யோசனைதானேய்யா இது, நீ போய்ச் சொல்லு." அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இருபத்துமூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். வசந்தா அக்கா கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார். கையில் வேறு ஒரு போட்டோ.

"அந்தப் போட்டோ ரிட்டயர்மென்ட் அன்னிக்கி எடுத்தது மேரி. மீசையும் கோட்டும். இப்ப அப்படியா இருக்காரு? ஜனங்களுக்கு அடையாளம் தெரியல போல. அதான் போன் வரல. வர்ஷினி வளைகாப்புல எடுத்த இதைப் போடு."

ராத்திரியெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த காரணம் அது. முகத்தில் ஒரு வெளிச்சம். நான் அந்தப் போட்டோவைக் கையில் வாங்கினேன். இப்போதாவது சொல்லிவிடு மேரி என்று உள்ளே ஒன்று கத்தியது. வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் வந்துவிட்டாள்.

நஸ்ரின் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் இருக்கிறவள். நம் லைன்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவளுக்குத் தமிழில் சோறு, தண்ணி, வா, போ, இந்த நாலு வார்த்தைதான் தெரியும். எங்களோடு ஹைதராபாத் இந்தியில்தான் பேசுவாள். எங்களுக்கெல்லாம் அது புரியும். அவள் பேசியதையும் நாங்கள் அவளிடம் பேசியதையும் தமிழில் சொல்கிறேன்.

"இந்தப் பாக்ஸ் எனக்கு நக்கோ மேரி ஆன்ட்டி, நீயே வச்சிக்கோ. நான் பாக்ஸ் போடறதுக்கு முந்தின வாரம் ஜஹீராபாத்துக்கு அக்கா மகள் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்து பாத்தா டிவியையே மாத்திட்டீங்க. தினமும் டூட்டி முடிஞ்சு வந்தா உன் சேனலைத்தான் வைப்பேன். அதைக் காணவே காணோம்!"

நான் அக்காவைப் பார்க்காமல், "அப்புறம் வா நஸ்ரின், அப்புறம் வா" என்றேன். அவள் எங்கே கேட்டாள்? பாக்ஸை மேஜையில் வைக்கக் குனிந்தவள் என் கையிலிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

"யா அல்லா, இந்த பாபா உனக்குத் தெரிஞ்சவரா?"

அக்கா கிட்டே வந்துவிட்டார். "பாத்தியாம்மா? எங்க பாத்த?"

"எங்க வார்டுலதான் இருந்தார். ரெண்டு வாரம். உப்பல்ல ரோட்டோரம் மயங்கிக் கிடந்தார்னு ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்தாங்க. அவர் தமிழ்தான் பேசினார். மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்தவர், யாரும் இல்லாம வழி தவறிட்டார்னு டாக்டருங்க சொன்னாங்க. போலீசும் போட்டோவை மெட்ராசுக்குத்தான் அனுப்பியிருக்காங்க. ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பார், எனக்குப் புரியாது. சோறுன்னா மட்டும் புரியும். நான்தான் ஊட்டிவிடுவேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முந்தாநாள் போய்ட்டார் ஆன்ட்டி. மார்ச்சுவரியில இருக்கார்."

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். ஒரே பஸ்.

அக்கா சத்தம் போடவில்லை. நஸ்ரினின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "நீ டிவியில பாக்கலியாம்மா? தினமும் அரை மணிக்கு ஒரு தடவை இவர் போட்டோ வருதே. மேரி சேனல்ல. பாக்கலியா?"

"எங்க வருது? பாக்ஸ் வந்ததுலேர்ந்து மேரி ஆன்ட்டி சேனலே இல்லையே. அதைக் கேக்கத்தானே வந்தேன்."

"எங்க வீட்ல வருதே."

"எங்க சந்துல யார் வீட்லயும் வரல."

அக்கா என் பக்கம் திரும்பினார். அப்போதும்கூட எனக்கு ஒரு பொய் வாயில் வந்தது. நஸ்ரின் சந்தில் மட்டும் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம், அவர் நம்பிவிடுவார். சத்தியமாக நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், என்னைவிடக் கேவலமானவள் இந்த ஊரில் கிடையாது.

"எத்தனை வீட்ல வருது மேரி?"

"ஒரு வீட்லக்கா."

"எந்த வீடு?"

"உங்க வீட்ல மட்டும்."

"எத்தனை நாளா?"

"அந்த வியாழக்கிழமைலேர்ந்து."

அவர் கணக்குப் போடுகிறது தெரிந்தது. உதடு அசைந்தது. மாமி இறங்கி வந்து சொன்னது, எதிர்வீடு சொன்னது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கேட்டார்.

"அப்ப நான் ஒருத்திதான் பாத்துக்கிட்டு இருந்தேனா? ஏன் மேரி, அவர் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

காலில் விழுந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். உதைக்கவில்லை, திட்டவில்லை, நகர்த்திக்கொண்டார். நஸ்ரினின் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டிட்டுப் போம்மா" என்றார். ஆட்டோவை நிறுத்தி நானும் ஏறப் போனேன். "நீ வேணாம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

போலீஸ், கையெழுத்து, அது இது என்று முடிந்து மறுநாள் சாயங்காலம்தான் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். வர்ஷினியால் வர முடியவில்லை, போனில் அழுதாள். அதற்கு மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எடுப்பது என்று முடிவானது. லலிதாம்பாள் மாமி கண்ணெல்லாம் வீங்கி என் வாசலில் வந்து நின்றார்.

"ஊருக்கு எப்படிடி சொல்றது? முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊரோட இருந்த மனுஷனாச்சே. நாலு பேர்கூட இல்லாம எடுக்கறதா?"

காலையில் ஆறு மணிக்கு நானும் பாபுவும் கிளம்பினோம். குவார்ட்டர்ஸ் அவருக்கு, சந்துகள் எனக்கு. ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தமிழ் வீட்டில் தமிழில், தெலுங்கு வீட்டில் தெலுங்கில், கேட்டுக்கு அந்தப் பக்கம் இந்தியில். அய்யாக்கண்ணு அண்ணன் போய்ட்டார், பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறாங்க. கதவுக்குப் பின்னால் புது பாக்ஸில் படம் பளிச்சென்று தெரிந்தது. பாதிப் பேர் கேட்டார்கள், "அவர்தான் அன்னிக்கே கெடைச்சிட்டாரே? அதான் டிவியில போடறதை நிறுத்திட்டீங்கன்னு நெனச்சோம்." உப்பலில் கடை வைத்திருக்கிற ஒருத்தர், "எனக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரை விட்டுத் தேடியிருப்பேனே" என்றார். நான் ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. நல்லதுக்குத்தானே செஞ்சே என்றார்கள்.

ஆறு மணிக்கு ஆரம்பித்தது. முழங்கால் கெஞ்சியது, தொண்டை கட்டிவிட்டது. பதினோரு மணிக்கெல்லாம் நானூற்று இருபது வீட்டில் ஒரு வீடு பாக்கியில்லை. அக்கா செருப்புப் போட்டுக்கொண்டு போட்டோவோடு வாசலில் நின்ற அந்த வெள்ளிக்கிழமை நான் அவர்கூட வீடு வீடாக நடந்திருந்தால், அன்றைக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.